உப்புத்தண்ணீர் தொட்டிக்கு எந்த விளக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் வீட்டில் பவளத் தொட்டி வைப்பதைப் பற்றி எழுதியதும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விளக்கைப் பற்றித்தான். உப்பு எவ்வளவு, மீன் எத்தனை என்று கேட்க ஆளில்லை. அதுவும் நியாயம்தான், இந்தப் பொழுதுபோக்கில் முதலில் காசு கரைவது விளக்கில். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

வேளச்சேரி வாசகர்: சார், செடி வளர்த்த 3 அடி நன்னீர்த் தொட்டியை உப்புத்தண்ணீருக்கு மாற்றப் போகிறேன். மேலே 6500 கெல்வின் டி5 ட்யூப் (ஒல்லியான ட்யூப்லைட்) நான்கு இருக்கிறது. செடியெல்லாம் காடு மாதிரி வளர்ந்தது. அதையே வைத்துக்கொள்ளலாமா? கடையில் கேட்டால் "லூமன் நிறைய இருக்கு, தாராளமா போதும்" என்கிறார்கள்.

ஃபிட்டிங்கை வைத்துக்கொள்ளுங்கள், ட்யூப்களை மாற்றுங்கள். 3 அடி டி5 என்றால் ஒன்று 39 வாட், நான்கும் சேர்த்து 156 வாட். கல்போன்ற கூடு இல்லாத மென்பவளங்களுக்கு அது கௌரவமான வெளிச்சம். ஒவ்வொரு ட்யூபுக்கும் பின்னால் தனித்தனி ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகடு வைத்திருந்தால் வெளிச்சத்தில் நல்ல பங்கு தண்ணீருக்குள் போகாமலே வீணாகும்.

ட்யூபை ஏன் மாற்றச் சொல்கிறேன் என்றால், பவளம் செடி இல்லை, விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் ஜூசாந்தெல்லா என்ற ஒற்றைச்செல் பாசி கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. பகலில் அது சமைக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. சில பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இந்த வழியில்தான் கிடைக்கிறது. ஆக நாம் விளக்கு வாங்குவது வீட்டுக்காரருக்கு அல்ல, உள்ளே இருக்கும் குடித்தனக்காரருக்கு. அவர் வாடகையைச் சர்க்கரையாகக் கட்டிவிடுவார்.

கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும், நீலம்தான் ஆழம்வரை போகும். இந்தப் பாசியும் அதற்கேற்ற மாதிரி 400 முதல் 500 நானோமீட்டர் வரையான ஊதா, நீலப் பகுதியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் நிறமிகளோடு இருக்கிறது. உங்கள் 6500 ட்யூபில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் அதிகம். அதில் பவளம் வளராது என்று சொன்னால் பொய், வளரும். பார்க்கத்தான் எல்லாம் மஞ்சள் கலந்த பழுப்பாக, பழைய புகைப்படம் மாதிரி இருக்கும். பவளத்தின் மேல் தோன்றும் அந்த ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் நீல ஒளியை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தரும் புரதங்களின் வேலை. நீலம் குறைந்தால் அந்த ஜாலம் இல்லை.

லூமன் கதையைக் கேட்டுச் சிரித்துவிடுங்கள். லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்ற கணக்கு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர், அதாவது இளம்பச்சைதான் உச்சம். 450 நானோமீட்டர் நீலம் அதே சக்தியோடு வந்தாலும் அதில் ஏறக்குறைய 4 சதவீதம்தான் பிரகாசமாகத் தெரியும். பவளத்துக்கு மிகவும் பிடித்த ஒளியைத்தான் லூமன் கணக்கு ஒன்றுமில்லாததுபோல் காட்டுகிறது. மனுஷனுக்குத் தைத்த சட்டையைப் பவளத்துக்குப் போட்டுப் பார்க்கிற வேலை அது.

நான்கு ட்யூபில் என் கலவை: 460 நானோமீட்டர் பக்கம் உச்சம் இருக்கும் நீலம் இரண்டு, 420 பக்கம் உள்ள, ஆக்டினிக் என்று விற்கும் ஊதாநீலம் ஒன்று, பவளத்துக்கென்றே வரும் வெள்ளை ஒன்று. வீட்டில் "என்ன இது, சாமி ஊர்வல லைட் மாதிரி" என்று முகம் சுளித்தால் ஆக்டினிக்கை எடுத்துவிட்டு இன்னொரு வெள்ளை போடுங்கள், குடி முழுகிவிடாது.

கோவை வாசகர்: 10,000 கெல்வின், 14,000, 20,000 என்று விற்கிறார்கள். எண் ஏற ஏற நல்லதா?

எண் ஏற ஏற நீலமாகத் தெரியும், அவ்வளவுதான். கெல்வின் என்பது நிறத்தின் சாயலைச் சொல்கிறது, வெளிச்சத்தின் அளவைச் சொல்வதில்லை. 20,000 போட்ட ஒரு மங்கலான விளக்கும் உண்டு, 10,000 போட்ட அசுர விளக்கும் உண்டு. இரண்டு கம்பெனிகளின் 14,000 ட்யூபை அடுத்தடுத்து மாட்டிப் பார்த்தால் ஒன்று ஊதாவாகவும் இன்னொன்று வெளிர்நீலமாகவும் இருக்கும், எனக்கே அப்படி நடந்திருக்கிறது. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று வரைபடம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாமல் வெறும் கெல்வின் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் யோசியுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: என்னிடம் 4 அடி தொட்டி, 54 வாட் டி5 ஆறு. ட்யூப் நன்றாகப் பளிச்சென்று எரிகிறது. ஆனால் மூன்று மாதமாகப் பவளங்கள் எல்லாம் பழுப்பாகிக்கொண்டே போகின்றன, கண்ணாடியில் பாசி வேறு. தண்ணீர் பரிசோதனையில் பெரிய கோளாறு இல்லை. ட்யூப் மாட்டி ஒன்றரை வருடம் இருக்கும்.

கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். டி5 ட்யூபை 9 முதல் 12 மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும். எரிவது நிற்காது, இன்னும் இரண்டு வருடம்கூட எரியும். ஆனால் உள்ளே பூசியிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி தேய்ந்து ஒளி குறைந்துகொண்டே வரும், அதிலும் நீலம் முந்திக்கொண்டு போகும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியவே தெரியாது, தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது நமக்குத் தெரியாத மாதிரி. ஒளி போதாத பவளம் சதைக்குள் பாசியையும் நிறமியையும் கூட்டிக்கொள்ளும், அதுதான் அந்தப் பழுப்பு. வெளிச்சம் குறைந்ததற்கு அது செய்கிற சமாளிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், நோய் இல்லை. கண்ணாடிப் பாசிக்கு ட்யூபை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, தீனி அளவையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமானது. ஆறையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். நான் செய்தேன். பொங்கலுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், தொட்டி ஜொலிக்க வேண்டும் என்று முந்தின ஞாயிற்றுக்கிழமை நான்கு பழைய ட்யூபையும் கழற்றி நான்கு புதுசு மாட்டினேன். அன்று ராத்திரி தொட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், அவ்வளவு அழகு. நாலாம் நாள் தொட்டியில் இருந்த மென்பவள வகைகளில் லெதர் கோரல் சுருங்கி மூடிக்கொண்டது, ஸோவா எல்லாம் வாயை மூடிக்கொண்டன, மஷ்ரூம்கள் வெளுத்துச் சுருண்டன. விருந்தாளிகள் பார்த்தது வெறும் பாறையை. அதில் இரண்டு மஷ்ரூம் கடைசிவரை பிழைக்கவில்லை. தேய்ந்த ட்யூபுக்குப் பழகிய உயிரினத்துக்குப் புது ட்யூப் என்பது திடீரென்று நிழலிலிருந்து மொட்டை வெயிலுக்குத் தள்ளியது மாதிரி.

ஒரு ட்யூப் மாற்றுங்கள், இரண்டு வாரம் விடுங்கள், அப்புறம் அடுத்தது. ஆறு ட்யூபுக்கு மூன்று மாதம் ஆகும், ஆகட்டும். மாட்டும்போதே ட்யூபின் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதிவிடுங்கள், இந்தப் பொழுதுபோக்கில் நான் கற்ற மிக மலிவான பாடம் அதுதான். அப்படியே ரிஃப்ளெக்டரையும் மூடி கண்ணாடியையும் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். உப்புப் படிவம் வெள்ளையாக ஏறியிருந்தால் அதுவே கணிசமான வெளிச்சத்தைத் தின்றுகொண்டிருக்கும். துடைத்த அன்று ஒளி கூடும் என்பதையும் நினைவில் வைத்து, துடைப்பதையும் ட்யூப் மாற்றுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கழற்றிய ட்யூபைக் குப்பையில் போட்டு உடைக்க வேண்டாம், உள்ளே பாதரசம் இருக்கிறது. அந்தப் பாதரசத்தால்தான், பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023-ல் கூடி, பொது உபயோக ட்யூப்லைட்டுகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவது என்று முடிவெடுத்தன. மீன்தொட்டி ட்யூப் தனி ரகம்தான், ஆனால் ட்யூப் செய்கிற தொழிற்சாலைகளே குறைந்தால் இதுவும் கிடைப்பது கஷ்டமாகும். இப்போதே அவசரப்பட்டு எல்இடிக்கு ஓட வேண்டாம், அடுத்த ஃபிட்டிங் வாங்கும்போது யோசித்தால் போதும்.

மதுரை வாசகி: பிறந்தநாள் பரிசாக எல்இடி விளக்கு வந்தது. "அப்படியொன்றும் வெளிச்சமே இல்லையே" என்று எல்லாவற்றையும் 100 சதவீதத்தில் வைத்தேன். எட்டே நாளில் லெதர் கோரலும் மஷ்ரூமும் வெளிறிவிட்டன. சத்துக் குறைவா? என்ன ஊட்டலாம்?

முதலில் ஒன்றையும் ஊட்டாதீர்கள், தண்ணீரில் எந்த மருந்தையும் ஊற்றாதீர்கள். இன்று ராத்திரியே விளக்கை 30 சதவீதத்துக்கு இறக்குங்கள்.

நீல எல்இடி கண்ணை ஏமாற்றும், மேலே லூமன் பற்றிச் சொன்னதுதான் காரணம். உங்களுக்கு மங்கலாகத் தெரிந்தது பவளத்துக்குச் சித்திரை வெயில். போதாக்குறைக்குப் பல எல்இடிகளில் சின்ன லென்ஸ் இருக்கும், அது ஒளியைக் குவித்து நேர் கீழே கொட்டும். விளக்குக்கு நேர் கீழே உள்ள பாறை வறுபடும், ஒரு சாண் தள்ளியிருப்பது நிழலில் கிடக்கும். ட்யூப் மாதிரி பரவலாக விழாது. ஒளி அளவு மீறினால் உள்ளே இருக்கும் பாசி தாங்க முடியாமல் வீரியமான ஆக்ஸிஜன் சேர்மங்களை உற்பத்தி செய்கிறது, அது திசுவையே அரிக்கும் என்பதால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. குடித்தனக்காரரைக் காலி செய்தபின் வாடகை எங்கிருந்து வரும்? அதனால்தான் வெளுப்பும் பட்டினியும் சேர்ந்தே வருகின்றன.

ஒளியால் வெளுத்ததா, சத்தில்லாமல் வெளுத்ததா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. மேல் பக்கம், விளக்கைப் பார்த்த இடம் மட்டும் வெளுத்து, அடியில் நிழலான பக்கம் நிறம் அப்படியே இருந்தால் ஒளிதான். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிறி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பரிசோதனையில் பூஜ்யம் காட்டினால் பட்டினி. உங்களுடையது எட்டு நாளில் நடந்திருப்பதால் எனக்குச் சந்தேகமே இல்லை.

30 சதவீதத்தில் ஒரு வாரம் விடுங்கள். மஷ்ரூமை மணல் பக்கம் இறக்கி வையுங்கள், அதற்கு நிழல்தான் பிடிக்கும். பிறகு வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள், 60-ஐத் தாண்டத் தேவையே வராமல் போகலாம். சதை கெட்டியாக இருந்தால் பாசி திரும்ப வந்து நிறம் ஏறும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். தினமும் கையை விட்டு நகர்த்திப் பார்க்காதீர்கள்.

பிரகாசத்தைக் குறைக்க வசதியில்லாத விளக்கு வைத்திருப்பவர்களுக்கு: ஜன்னலுக்கு அடிக்கிற ஃபைபர் கொசுவலையை வெட்டி, கண்ணாடி மூடிமேல் மூன்று நாலு அடுக்காகப் போட்டு, ஐந்து நாளுக்கு ஓர் அடுக்கு எடுத்துக்கொண்டே வாருங்கள். ரொம்ப நன்றாக வேலை செய்யும். விளக்கின் சூடான பாகத்தில் வலை படக் கூடாது.

ஒரு விஷயம், எல்இடியைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். இன்று என் தொட்டி மேலும் அதுதான். நீல எல்இடியைச் செய்துகாட்டியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அவர்கள் வெள்ளை விளக்குக்கு வழி செய்ததாக உலகம் பாராட்டியது, நம்மைப் போன்ற தொட்டிப் பைத்தியங்களுக்கு அந்த நீலமே போதுமானதாக இருந்தது.

அண்ணாநகர் வாசகர்: ஒளியை அளக்கும் பார் மீட்டர் விளக்கைவிட விலை அதிகம் போலிருக்கிறதே. மொபைலில் லக்ஸ் ஆப் போட்டுப் பார்த்தால் ஆகாதா?

ஆகாது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். அதே விளக்கு, அதே மொபைல், அதே இடம் என்றால் "போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறதா" என்று பார்க்க உதவும். ஆனால் லக்ஸும் லூமனின் தம்பிதான், மனிதக் கண் கணக்கு. வெயிலுக்கு லக்ஸை 54 ஆல் வகுத்தால் ஏறக்குறைய பார் மதிப்பு கிடைக்கும், அதே வகுத்தலை நீல எல்இடிக்குப் போட்டால் உண்மையைவிட மிகவும் குறைத்துக் காட்டும். அதை நம்பி விளக்கை ஏற்றினால் மதுரை அம்மா கதைதான்.

பார் என்றால் 400 முதல் 700 நானோமீட்டருக்குள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பது. நம் ஊர் நடுப்பகல் வெயில் 2,000 பக்கம் வரும். தொட்டியில் மஷ்ரூமுக்கு 50 போதும், ஸோவாவும் லெதரும் 75 முதல் 150-ல் சந்தோஷமாக இருக்கும். அக்ரோபோரா மாதிரி கிளைவிடும் கல் பவளம்தான் 200 முதல் 350 வரை கேட்கும். ஆக, என்ன வளர்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு விளக்குக் கடைக்குப் போக வேண்டும். நம்மில் பலர் விளக்கை வாங்கிவிட்டு அதற்குக் கீழே என்ன வைக்கலாம் என்று தேடுகிறோம்.

மீட்டரைத் தனியாக வாங்க வேண்டாம். உங்கள் ஊரில் நாலு பேர் தொட்டி வைத்திருந்தால் ஒன்றைச் சேர்ந்து வாங்கி வருடத்துக்கு இரண்டு தடவை கைமாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் பவளத்தையே பாருங்கள்: ஸோவா கழுத்தை நீட்டி மேலே எக்கினால் வெளிச்சம் போதவில்லை, மஷ்ரூம் சுருங்கித் தட்டையானால் அதிகம்.

யாழ்ப்பாண வாசகர்: ஐயா, எங்களிடம் வெயிலுக்கா பஞ்சம்? தொட்டியை ஜன்னலோரம் வைத்தால் விளக்குச் செலவே மிச்சம் அல்லவா?

ஒளி இலவசம், அதோடு வரும் சூடு இலவசம் இல்லை. தொட்டித் தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், எவ்வளவு நல்ல ஒளியாக இருந்தாலும் பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2016-ல் கடலே சூடேறி அப்படித்தான் வெளுத்தது. ஜன்னல் வெயிலின் சூட்டை இறக்க, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினால், அந்தக் காசில் இரண்டு விளக்கு வாங்கலாம். வெயில் பருவத்துக்குப் பருவம் நகரும், மேகம் வரும், போகும், உங்கள் கையில் ஒன்றும் இல்லை. காலையில் ஓர் அரைமணி இளவெயில் பட்டால் கெடுதல் இல்லை, அந்த நேரத்தில் தொட்டியைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடியுங்கள், எந்த எல்இடியும் அந்த அழகைத் தராது.

தூத்துக்குடி கல்லூரி மாணவர்: அண்ணா, எங்கள் ஊர்க் கடலிலேயே பவளம் இருக்கிறதே. தெரிந்தவர் படகில் போய் ஒரு துண்டு எடுத்து வந்தால், அதற்கு எந்த பல்பு வாங்குவது?

தம்பி, பல்பு வாங்காதே, வக்கீல் தேட வேண்டி வரும். கல் பவளம் அத்தனையும், கடல் விசிறியும் கறுப்புப் பவளமும்கூட, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகள் தேசியப் பூங்கா வேறு. கரையில் ஒதுங்கிய செத்த துண்டு என்றாலும் வீட்டுக்குக் கொண்டு வராதே. கல் பவளம், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்ஸிலும் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வந்ததாக யாராவது விற்றால் ஆவணத்தைக் கேள். என் பதில்களில் நம் ஊர்க்காரர்களுக்கு லெதர், மஷ்ரூம், ஸோவா என்றே சொல்லிக்கொண்டிருப்பதற்கும் அதுதான் காரணம், அதுவும் வளர்ப்பவர்களிடமிருந்து வாங்கிய துண்டுகளாக இருக்கட்டும். அவற்றுக்கு விளக்குச் செலவும் பாதிதான்.

தாம்பரம் வாசகி: கரண்ட் பில் எவ்வளவு வரும்? அதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

நியாயம். தினமும் 9 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 120 வாட் எல்இடி முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், இரண்டு மாதக் கணக்கெடுப்புக்கு 65 யூனிட். 54 வாட் டி5 ஆறு என்றால் 175. மெட்டல் ஹாலைடு என்ற சூடான பழைய ரக பல்பு, 250 வாட்டில் இரண்டு என்றால் சோக்கு தின்பதைச் சேர்க்காமலே 270. ஹாலைடின் ஒளி தண்ணீருக்குள் நெளிந்து ஆடுகிற அழகுக்காக அதை விடமாட்டேன் என்கிற நண்பர்கள் எனக்கு உண்டு, ஆனால் அது தொட்டியைச் சூடாக்கி, அப்புறம் சில்லர் அதைக் குளிராக்கி, இரண்டுக்கும் நீங்கள் பணம் கட்டுவீர்கள். சென்னை வெயிலில் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. டி5 வைத்திருப்பவர்கள் ஹூடுக்குள் ஒரு சின்ன ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள், அந்த ட்யூப் சுற்றுப்புறம் 35 டிகிரியில் இருக்கும்போதுதான் முழு ஒளி தரும், அதற்கு மேல் சூடேறினால் மங்கும்.

பில்லைவிட முக்கியம் ஷாக். உப்புத்தண்ணீர் தெறிக்கிற இடத்தில் மின்சாரம் ஓடுகிறது. கசிவு வந்தால் தானே அணைகிற டிரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் தொட்டி விளக்கு மாட்டாதீர்கள். ஒயர் பிளக்குக்கு நேராக வராமல், பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேலே ஏறட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சேலம் வாசகர்: இரவு முழுவதும் நீல விளக்கை எரியவிடலாமா? நிலா வெளிச்சம் மாதிரி அழகாக இருக்கிறது, குழந்தைக்கும் பிடித்திருக்கிறது.

நிலா அவ்வளவு பிரகாசம் இல்லை சார். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்கள் விளக்கைப் பாருங்கள். பவளத்துக்கும் மீனுக்கும் இருட்டு வேண்டும், பல பவளங்கள் ராத்திரியில்தான் உணர்கொம்புகளை நீட்டி இரை பிடிக்கும். மொத்தம் 9, 10 மணி நேரம், அதில் வெள்ளை 5, 6 மணி நேரம், இரு ஓரங்களிலும் நீலம் மட்டும் என்று டைமரில் போட்டுவிடுங்கள். குழந்தை தூங்கப் போகிறவரை நீலம் எரியட்டும், தூங்கியதும் அணையட்டும். காலையில் அதற்குத் தகுந்த மாதிரி தாமதமாக எரியவிட்டால் போதும், தொட்டிக்கு விடிவது எப்போது என்பது உங்கள் டைமர் கையில்தான்.